கண்மாய் நீச்சல் கடலில் போதுமா

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கடலில் விழுகிறதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். தேவகோட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தொண்டி. அதற்கு வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய ஊர் இது; கப்பல் வேலைக்கும் படகு வேலைக்கும் இன்றைக்கும் இங்கிருந்து ஆள் போகிறது. போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியும். ஊருணியில் இல்லை, குடிக்கிற ஊருணியில் காலை நனைத்தாலே வசவு விழும். கிணற்றிலும் கண்மாயிலும், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக்கொண்டு பழகியது.

அந்த நீச்சல் கடலில் போதுமா என்றால், நீந்தும் பகுதி ஓரளவு போதும். மிதக்கும் பகுதி போதாது. கண்மாயில் கரை ஐம்பது பாகத்தில் (பாகம் ஒன்று ஆறடி) நிற்கிறது. யாரும் அங்கே மணிக்கணக்கில் மிதந்து பார்ப்பதில்லை. இந்தக் குறை கடலில்தான் வெளியே வரும்.

ராத்திரி நேரம். வலையை இழுக்கும்போதோ, விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போதோ கால் வழுக்கிவிட்டது. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அல்லது படகில் வேறு ஆளே இல்லை. நீச்சல் தெரிந்தவர் உடனே செய்வது படகை நோக்கிப் பாய்ந்து நீந்துவது. 6 நாட் வேகத்தில் போகிற வள்ளம் ஒரு வினாடிக்கு 3 மீட்டர் போகும். 50 மீட்டரை 21 வினாடியில் கடக்கிற ஒலிம்பிக் வீரருக்கே வினாடிக்கு 2.4 மீட்டர்தான். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்தி, முதல் ஐந்து நிமிடத்திலேயே மூச்சிரைத்து, அந்த இரைப்பில் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்து, இருமி, பதறி முடிந்துபோகிறவர்கள் உண்டு. மூன்று முறை அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். விசில் இருந்தால் ஊதுங்கள். படகு திரும்பவில்லை என்றால் அதை விட்டுவிட்டு மல்லாந்துவிடுங்கள்.

மல்லாந்து மிதப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். இடுப்பு அமிழ்ந்துவிட்டால் கால் கீழே போய்விடும், அதோடு உடம்பு நட்டுக்குத்தலாக நின்றுவிடும். காது இரண்டும் தண்ணீருக்குள் போகும்படி தலையைப் பின்னால் சாயுங்கள். வயிற்றை மேலே தள்ளுங்கள், கைகளைத் தலைக்கு மேல் நீட்டுங்கள். நெஞ்சு நிறைய மூச்சு பிடித்து, சட்டென்று விட்டு, உடனே மறுபடி நிரப்புங்கள். நுரையீரல் காலியாக இருக்கும் அந்த இரண்டு வினாடியில்தான் முகம் அமிழும். கடல்நீர் கண்மாய்த் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனமானது. 60 கிலோ ஆளுக்கு அதனால் கிடைக்கிற கூடுதல் தாங்கல் ஒன்றரைக் கிலோ. கண்மாயில் மிதக்க முடியாத ஒல்லியான ஆளும் கடலில் மிதந்துவிடுவது இதனால்தான்.

அலை முகத்தில் அடிக்கிறபோது மல்லாந்து கிடக்க முடியாது. அப்போது முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, கையையும் காலையும் துவண்டு தொங்கவிடுங்கள். பிடரி மட்டும் வெளியே தெரியும். ஏழெட்டு வினாடி அப்படிக் கிடந்து, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக விட்டு, கைகளை ஒருமுறை கீழே அமுக்கி வாய் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி கவிழ வேண்டும். தலையின் பாரம் மட்டும் நாலு ஐந்து கிலோ. அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. முதல் முறை செய்கிறவருக்கு இது பயமாக இருக்கும். கண்மாயில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் பழகிவிட்டால் தூங்குகிற மாதிரி வந்துவிடும்.

அடுத்தது உடுப்பு. கழற்றி எறியாதீர்கள். நனைந்த துணி தண்ணீருக்குள் உங்களை இழுக்காது, மேலே ஏறும்போதுதான் கனக்கும். வெயிலுக்கும், ஜெல்லி மீன் எனப்படும் சொறிமீனுக்கும், ராத்திரிக் குளிருக்கும் அதுதான் தடுப்பு. பாக் விரிகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் உடம்புச் சூட்டைவிடக் குறைவுதான். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை உறிஞ்சும், அதனால் ஏழெட்டு மணி நேரத்தில் நடுக்கம் வரும்.

கைலி கட்டியிருக்கிறவர் அதிர்ஷ்டக்காரர். கண்மாயில் பையன்கள் கைலியில் காற்றைப் பிடித்துப் பலூன் செய்வார்களே, அதேதான். கைலியை அவிழ்த்து முழுதும் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணியில் காற்று நிற்காது. ஒரு பக்க வாயைச் சேர்த்துப் பிடித்து, முறுக்கி, இறுக்கமாக ஒரு முடிச்சு. மறு பக்க வாயை இரண்டு கையாலும் அகலமாக விரித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். காலை உதைத்துக் கொஞ்சம் எழும்பி, தலைக்கு மேலாக முன்னால் வீசித் தண்ணீரில் அறையுங்கள். உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் முன் வாயைத் தண்ணீருக்குள் அமுக்கி, கூட்டிப் பிடித்து, நெஞ்சுக்குக் கீழே கொடுத்துவிடுங்கள். சில நிமிடம் தாங்கும். துணி காய்ந்தால் காற்று கசியும், ஆகவே மேலே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இற்றுப்போன பழைய கைலியில் நிற்காது. பேண்ட் என்றால் இரண்டு கால் நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஜிப்பை ஏற்றிவிட்டு, இடுப்பு வாயால் காற்றைப் பிடிக்கலாம். வெட்கத்தை அங்கே பார்க்க வேண்டாம்.

2013 ஜூலையில் அமெரிக்காவில் மாண்டாக் கடற்கரைக்கு அப்பால் ஒரு சிங்கிறால் மீனவர் இருட்டில் தனியாக விழுந்துவிட்டார். படகு தானாக ஓடிப் போய்விட்டது. ரப்பர் பூட்ஸைக் கழற்றி, காற்றோடு கவிழ்த்து அக்குளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே விடியும்வரை கிடந்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. நம் படகுகளில் பூட்ஸ் கிடையாது, கேன் உண்டு. மூடி இறுகிய 5 லிட்டர் காலி கேன் ஏறக்குறைய 5 கிலோ தூக்கும், ஒரு தலைக்கு அது போதும். மிதந்து வருகிற தண்ணீர் பாட்டில், தெர்மாகோல், வலை மிதப்பு எதையும் விடாதீர்கள். சட்டைக்குள் காலியான ஒரு லிட்டர் பாட்டில் நாலை, மூடியை இறுக்கித் திணித்துப் பொத்தானைப் போட்டால் அதுவும் ஒரு லைஃப் ஜாக்கெட்தான்.

இதற்கப்புறம்தான் கரை. நீந்துவதா, கிடப்பதா? படகு கவிழ்ந்து கிடந்தால் அதை விட்டு நகராதீர்கள். தேடுகிறவர் கண்ணில் ஆளைவிடப் படகு முந்திப் படும். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் கிழமை பிரித்திருக்கிறது, பெரும்பாலான நாளில் யாராவது ஒருவர் கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு இருக்காது, அப்போது நாட்டுப்படகை மட்டுமே எதிர்பார்க்கலாம்.

கரை எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே கணிக்கலாம். மிதக்கிற ஆளின் கண் தண்ணீருக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது. அந்த உயரத்துக்குத் தொடுவானம் ஒன்றரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். தென்னையின் கொண்டை மட்டும் தெரிந்து தண்டு தெரியாவிட்டால் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் இருக்கலாம். மணல் வெளுப்பு தெரிந்தால் நாலு ஐந்து. கரையில் நிற்கிற ஆளின் கால் மணலில் ஊன்றியிருப்பது தெரிந்தால் ஒன்றரைக்குள்.

உடுப்போடு நீந்துகிற சாதாரண ஆள் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் பெரிது. 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். பயிற்சி பெற்றவர், கூடவே படகு, இருந்தும் 25 மணி 36 நிமிடம் ஆயிற்று. வல்வெட்டித்துறைக்காரர் குமார் ஆனந்தன் 1971இல் போய்த் திரும்ப 51 மணி நேரம். நேர்கோட்டில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான் அந்த வழி. நீரோட்டம் அவ்வளவு நேரத்தைத் தின்கிறது. உங்கள் வேகமும் நீரோட்டத்தின் வேகமும் ஒன்றானால் நாள் முழுக்க அடித்தாலும் நின்ற இடம்தான்.

காற்றுதான் இங்கே பேச்சை முடிவு செய்யும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மே முதல் செப்டம்பர் வரை காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், சும்மா மிதந்தாலே இலங்கைப் பக்கம் போவீர்கள். வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து வந்து கரைப்பக்கம் ஒதுக்கும், ஆனால் அலை கொந்தளிக்கும். அது தவிர அன்றாடக் காற்று ஒன்று உண்டு. ராத்திரியும் விடிகாலையும் கரையிலிருந்து கடலுக்கு, முற்பகலுக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு. ராத்திரி விழுந்தவர் கரை தெரியாமல் இருட்டில் அடித்துக்கொண்டு போவதைவிட, கிடந்து, விடிந்து, கடல்காற்று எழும்பியபின் நீந்துவது பெரும்பாலும் மேல். கரையின் மணலோ விளக்கோ பக்கத்தில் தெரிந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

தொண்டிக்கு எதிர்க்கடலில் மேற்கும் வடமேற்கும் கரை. ராத்திரியில் திசை வேண்டுமானால் கையை நீட்டி, முஷ்டி மடக்கி, வடக்குத் தொடுவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டியின் மேல் விளிம்பு நிற்கிற உயரத்தில்தான் இந்தப் பக்கம் துருவ நட்சத்திரம் இருக்கும். அதைப் பார்த்தபடி இருந்தால் இடது கைப்பக்கம் மேற்கு. மூட்டத்தில் அது அடிக்கடி மறைந்துவிடும். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் நிற்கிற ஓரையன் கூட்டம் தெரிந்தால், அந்த மூன்றும் மறைகிற இடம் மேற்கு.

கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு அடையாளம் பிடியுங்கள்: முன்னே ஒரு தென்னை, பின்னே ஒரு மினாராவோ செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கோ. இரண்டும் ஒரே நேரில் நின்றால் நேராகப் போகிறீர்கள். விலகிக்கொண்டே போனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கிறது. எதிர்த்து அடிக்க வேண்டாம், அது போகிற பக்கமே சாய்வாகக் கரையை நோக்கி வெட்டுங்கள். தொண்டியில் ஏறினால் என்ன, இரண்டு ஊர் தள்ளி ஏறினால் என்ன?

கையை மாற்றி மாற்றி வீசுகிற நீச்சல் வேண்டாம், அரை மணியில் தோள் விட்டுப்போகும். தவளை நீச்சல், பக்க நீச்சல், மல்லாந்து கால் உதைத்தல் மூன்றையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். இருபது எண்ணிவிட்டு மல்லாந்து பத்து மூச்சு. எண்ணுவதில் இன்னொரு பயனும் உண்டு. பல மணி நேரம் கழித்து இல்லாத விளக்கும் குரலும் தெரியத் தொடங்கும், எண்ணிக்கை மனசை அதன்பின் போகவிடாது. கெண்டைக்காலில் நரம்பு இழுத்தால் மல்லாந்து, முட்டியை நீட்டி, கால் விரல்களைப் பிடித்து முகத்தின் பக்கம் இழுத்து, தளரும்வரை விடாதீர்கள். கடல்நீரை ஒரு மடக்குகூடக் குடிக்க வேண்டாம். லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு. அதை வெளியேற்ற உடம்பு, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை இழக்கும். சுறாவைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இங்கே அதைவிடச் சொறிமீன்தான் நிஜத் தொல்லை. பட்டால் தேய்க்காமல், கடல்நீராலேயே கழுவுங்கள்.

கரை நெருங்கிய பின்பும் அவசரப்பட வேண்டாம். இந்தக் கரையில் பல இடங்களில் நெடுந்தூரத்துக்கு இடுப்பளவுதான் ஆழம், கீழே சேறு, கடல்தாழை என்கிற கடல்புல், கிழிந்த வலை. கால் எட்டியது என்று நின்றால் புதையும். திருக்கையை மிதித்தால் முள் ஏறிவிடும். வயிறு தரை தட்டும்வரை மிதந்தே வந்து, பிறகு தவழுங்கள். நடந்தே ஆகவேண்டுமென்றால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். எழுந்து நிற்காதீர்கள் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. மணிக்கணக்கில் தண்ணீர் உடம்பைச் சுற்றி அழுத்தி ரத்தத்தை மேலே வைத்திருந்தது. வெளியே வந்ததும் அந்த அழுத்தம் போய், ரத்தம் காலுக்கு இறங்கி, ஆள் மயங்கிச் சாய்வார். மீட்கிறவர்களும் படுத்த வாக்கிலேயே தூக்க வேண்டும். தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது இரண்டும் கூடாது. மூச்சில்லை என்றால், பழகியவர்கள் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று தொடர வேண்டும். மூச்சு வந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பாமல் 108ஐ அழையுங்கள்.

படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவுட்போர்டு மோட்டாரில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று வருகிறது. அதன் ஒரு முனை இடுப்பில் இருந்தால், ஆள் விழுந்த நிமிடமே இன்ஜின் நின்றுவிடும். அதைக் கழற்றி மோட்டாரிலேயே சுற்றி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகிறவர் 30 மீட்டர் கயிற்றின் நுனியில் மிதப்பும் கை நுழைகிற வளையமும் போட்டுப் பின்னால் விடலாம். ஆனால் 6 நாட் வேகத்தில் அந்தக் கயிறு பத்து வினாடியில் உங்களைக் கடந்துவிடும், பிடித்தாலும் கையில் நிற்பது கஷ்டம். இன்ஜினை நிறுத்துகிற சுருள் கயிறு இருந்தால்தான் மிதப்புக் கயிற்றுக்கு அர்த்தம்.

யாராவது திரும்பவில்லை என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. எங்கே கடைசியாகப் பார்த்தது, எத்தனை மணிக்கு, என்ன நிறச் சட்டை என்று சொல்லுங்கள். நீந்திக் கரையேறியவர் எந்த ஊரில் ஏறினாலும் முதலில் அதே எண்ணுக்குப் பேசிவிட வேண்டும். அவரைத் தேடிப் போன படகுகள் இன்னும் கடலில்தான் இருக்கும். வணக்கம்.