சாம்பல் சிமெண்ட்டும் என் மேஸ்திரியும்

வணக்கம் நேயர்களே. கரி கம்மியான கான்கிரீட், அதாவது கரியமில வாயுவைக் குறைவாக வெளிவிட்டுத் தயாராகிற கான்கிரீட் என்றதும், ஏதோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரப்போகிற புதுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெருமுனைக் கடையிலேயே அது கிடைக்கிறது. மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருக்கும், அதுதான். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட்.

நான் வீடு கட்டியபோது மேஸ்திரியிடம் இதை வாங்கச் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். "சார், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்கலாம், தளம் போட முடியுமா? 53 கிரேடு வாங்குங்க, கல்லு மாதிரி நிக்கும்." பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார், என் மாமனாரும் அதையே சொன்னார். 53 கிரேடு என்பது சாம்பல் கலக்காத சாதா சிமெண்ட். அந்த 53, சோதனைக்காகச் செய்யும் சிறு கட்டி 28 நாளில் தாங்குகிற பலத்தைக் குறிக்கிற எண், உங்கள் வீட்டின் பலத்தை அல்ல. ஒரு சாதாரண வீட்டுத் தளத்துக்கு எம் 20 என்கிற பல அளவுள்ள கான்கிரீட் கலவையே போதும், அதற்கு சாம்பல் சிமெண்ட் தாராளம்.

ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்பீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரியில் சுட்டுத்தான் கிளிங்கர் எடுக்கிறார்கள், அதாவது அரைத்துச் சிமெண்ட் ஆக்குகிற கட்டி. எரிக்கிற நிலக்கரியின் புகை ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கல்லே வேகும்போது கரியமில வாயுவைக் கக்குகிறது, அதுதான் பெரும்பங்கு. சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் அது போகாது. ஆக கிளிங்கரைக் குறைத்தால்தான் வழி. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல், அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம்.

சரி, மேஸ்திரி ஏன் முரண்டு பிடித்தார்? உண்மையான காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. சாம்பல் சிமெண்ட் நிதானமாக இறுகும். தளத்தைத் தாங்கும் முட்டும் தகடும் இன்னும் சில நாள் நிற்க வேண்டும், வாடகையோ நாளுக்கு நாள் ஏறும், அடுத்த வேலை வேறு காத்திருக்கிறது! அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான்தான் சாம்பலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன், வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூடுதல் நாள் வாடகை என்னுடையது என்றதும் ஒத்துக்கொண்டார்.

தண்ணீர் விடுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதா சிமெண்டுக்கு 7 நாள் என்றால் இதற்குக் குறைந்தது 10, நம் வெயிலுக்கு 14. பாத்தி கட்டி நிறுத்துங்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன், 14 நாள். கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு இன்னொரு லாபம், ஒழுங்காகத் தண்ணீர் காட்டினால் உப்பு கம்பியைச் சீக்கிரம் எட்டாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். எல்.சி. 3 பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கிற சிமெண்ட். 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. சுட்ட மண் என்றதும் சுர்க்கி, அந்தக் காலத்துச் செங்கல் தூள், ஞாபகம் வருகிறதா? முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்தார்களே, அதன் பேரன்தான் இது. அப்புறம் கசடு சிமெண்டும் இருக்கிறது, இரும்பு உலைக் கசடு... சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.