இரு, அப்பா வரட்டும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இளவயதினரின் மனநலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வளர்ந்த விதமா, வாழும் சூழலா? வளர்ந்த விதமே என்று பேச வந்திருக்கிறேன். 'தொட்டில் பழக்கம்' என்று ஆரம்பிப்பேன் என எதிரணி காத்திருக்கிறது. இல்லை, பழமொழி சாட்சிக் கூண்டில் ஏறாது.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி வேலை போகும் பயம், கடன், கைப்பேசியில் அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்து வரும் ஏக்கம் என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே அலுவலகம், ஒரே சம்பளம், 24 வயதில் இரண்டு பேர். மேலாளர் இருவரிடமும் "சாயங்காலம் என்னை வந்து பாருங்கள்" என்கிறார். ஒருவர் சரி என்று வேலையைத் தொடர்கிறார். இன்னொருவருக்கு அப்போதே வயிற்றைப் பிசைகிறது. சாப்பாடு இறங்கவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று ஒரு வாரத்து மின்னஞ்சல்களைத் திரும்பப் படிக்கிறார். சூழல் ஒன்றுதானே, தோழி? இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அவர் காதில் விழுந்தது மேலாளரின் குரல் இல்லை. "இரு, அப்பா வரட்டும்!" என்ற பழைய குரல். சாயங்காலம் வரை வாசலைப் பார்த்து நடுங்கிய குழந்தைக்கு இப்போது 24 வயது, அவ்வளவுதான்.

இது கற்பனை வசனம் என்று சிரிக்காதீர்கள். ஆபத்து என்றால் உடம்பு கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ஆபத்து போனதும் எல்லாம் அடங்கும். எப்போது அடி விழும், எப்போது சண்டை வெடிக்கும் என்றே தெரியாத வீட்டில் அந்த அலாரம் அடங்கப் பழகுவதில்லை. அதுவும் மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வருடங்களில்.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் தம் குழுவோடு 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, அவமானம், வீட்டில் குடிப்பழக்கம், தாய்க்கு நேரும் வன்முறை போன்றவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ சிறுவயதில் அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம். "பெரியவர்கள் பழைய நினைவில் சொன்னதுதானே?" என்று எதிரணி மடக்கலாம். நியாயமான கேள்விதான்.

அதனால் ருமேனியாவுக்கு வாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் புக்காரெஸ்ட் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துக் கவனித்தார்கள். இங்கே யாருடைய நினைவையும் நம்ப வேண்டியதில்லை. நாலரை வயதில் பதற்றம், மனச்சோர்வு போன்ற சிக்கல்கள் காப்பகப் பிரிவில் 44 சதவீதம், குடும்பம் கிடைத்த பிரிவில் 22 சதவீதம். அந்த வயதில் அவர்களுக்கு ஏது கடன், ஏது வேலை?

குணமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக ஆகும். ஆனால் மனநல ஆலோசகரிடம் போய்ப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு விடமாட்டார், வீட்டில் எப்படி வளர்ந்தீர்கள் என்றும் கேட்பார்.

கடைசியாக, எதிரணித் தலைவரின் பெரிய ஆயுதம். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல ஆபத்துகளோடு வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார்கள், ஆகவே குழந்தைப் பருவம் ஒன்றும் விதி இல்லை என்றார் தலைவர். பலத்த கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் அந்த மூன்றில் ஒருவரிடம் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. பாட்டியோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ, யாராவது ஒரு பெரியவர் அவர்களைத் தாங்கிப் பிடித்திருந்தார். எப்போது? அவர்கள் குழந்தையாக இருந்தபோதே!

நடுவர் அவர்களே, அந்தப் பாட்டி எங்கள் சாட்சி. தவறி எதிரணி மேசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். தயவுசெய்து இந்தப் பக்கம் அனுப்பி வையுங்கள். நன்றி.