ஒரு கழித்தல் குறி தின்ற இரவு

வணக்கம். குரல் கம்மியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு இரவாகத் தூக்கமில்லை. லேப்டாப் அதேதான், போன வீடியோவில் திட்டித் தீர்த்தேனே, அது. சூடு தணிக்க 749 ரூபாய்க்கு ஒரு விசிறிப் பலகை வாங்கி அடியில் வைத்தேன். லேப்டாப் குளிரவில்லை, பலகைதான் மிக்ஸி மாதிரி கத்துகிறது. 749 ரூபாய்!

பயிரைத் தின்னும் புழுவுக்குச் செடியிலிருந்தே மருந்து கிடைக்குமா என்று, 40 தாவரச் சேர்மங்களைக் கணினியிலேயே பூச்சியின் புரதத்தில் பொருத்திப் பார்க்கிறேன் என்றேன் அல்லவா? முந்தாநாள் ஓடவிட்டேன். விடிந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒட்டும் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணக்கு. வேம்பும் பூஜ்யம், நொச்சியும் பூஜ்யம். மென்பொருளைத் திட்டினேன், கோப்புகளைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், தேட வேண்டிய இடத்தைக் குறிக்கும் பெட்டிக்கு மூன்று எண்கள் கொடுப்போம், அதில் மூன்றாவதற்குக் கழித்தல் குறி போடவில்லை. பெட்டி புரதத்துக்கு வெளியே வெட்டவெளியில் நின்றிருக்கிறது. நாற்பதும் கதவே இல்லாத இடத்தில் விடிய விடியத் தட்டியிருக்கின்றன.

அட, எந்தப் புரதம் என்று சொல்லவே இல்லையே. எக்டைசோன் ஏற்பி. புழு தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன் வந்து உட்காரும் இடம் அது. நான் எடுத்தது புகையிலை மொட்டுப்புழுவின் ஏற்பி, அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும், 2003இல் வெளியான முப்பரிமாண அமைப்பு. பெரம்பலூரில் மாமாவின் மக்காச்சோளத்தைத் தின்பது படைப்புழு, இரண்டும் ஒரே அந்துப்பூச்சிக் குடும்பம். அந்த அமைப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது பொனாஸ்டெரோன் ஏ. அதுவும் செடிகொடிச் சரக்குதான்! 1966இல் நக்கானிஷி குழுவினர் போடோகார்பஸ் மரத்தின் இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பூச்சியின் ஹார்மோனை ஒரு மரம் போலி செய்து வைத்திருக்கிறது, எனக்கு இதில்தான் கிறுக்கு.

நேற்று குறியைப் போட்டு, பொனாஸ்டெரோனை வெளியே எடுத்து மறுபடி பொருத்தச் சொன்னேன். அசல் இடத்திலிருந்து விலகல் 0.9 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஓர் அணுவின் அகலம் அளவுக்கான அலகில். 2க்குள் வந்தாலே தேர்ச்சி. ராத்திரி 3 மணிக்குக் கைதட்டிவிட்டேன், அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

இன்னொன்று, போன முறை சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்படி எக்ஸ்-கதிர் வைத்துக் கண்டுபிடித்த புரத அமைப்புகளில் ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் இருக்காது. முதலில் அவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

எரிச்சலூட்டுவது எது தெரியுமா? இந்த ஒட்டும் மதிப்பை மட்டும் வைத்துச் சிலர் பேசுவதுதான்: -9.1 வாங்கிய சேர்மம் -8.7 வாங்கியதைத் தோற்கடித்துவிட்டதாம், பூச்சிக்கொல்லி கிடைத்துவிட்டதாம். நாம் ஓட்டும் இந்தப் பொருத்தும் மென்பொருள், ஆட்டோடாக் வினாவை 2010இல் வெளியிட்டவர்களே அதன் திட்டப்பிழை 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். 0.4க்கு எதற்கு ஆரவாரம்? வேம்பின் அசாடிராக்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் சிதைந்துபோகும். வெயில் என்று ஒன்று இருப்பதே இந்த மென்பொருளுக்குத் தெரியாது. புழுவின் தோலைத் தாண்டி உள்ளே போகுமா என்பதும் தெரியாது.

மாமா போனில், "அப்படியானால் தெளித்துவிடலாமா?" என்றார். என் நாற்பதில் எதையும் வேண்டாம் மாமா, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைச் சாயங்காலம் தெளியுங்கள் என்றேன். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. "அதை எங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறாரே, இதற்கா ராத்திரி முழுக்க விழித்தாய்?" என்று வைத்துவிட்டார்.

இன்று நாற்பதையும் மறுபடி ஓடவிடுகிறேன். மூன்று எண்களையும் தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன், தெரிகிறதா? கழித்தல் குறி மட்டும் சிவப்பு மை.