சோலியும் சுபாவமும்

(பாளையங்கோட்டையில் இளம் ஊழியர்களுக்காக நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு வாடை போகாத அளவுக்குத் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசைப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கான கூட்டம் என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃபேன் அங்கேதான் ஓடுகிறது என்பதும் காரணமாக இருக்கலாம்.

போன மாதம் கங்கைகொண்டான் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். டீ நேரத்தில் ஒரு தம்பி வந்து, "சார், நான் ஐஎன்டிபி. அதனால எனக்கு மீட்டிங்ல பேச வராது" என்றார். இனிஷியல் சொல்கிறாராக்கும் என்று ஒரு நிமிடம் முழித்தேன். அப்புறம்தான் புரிந்தது, கம்ப்யூட்டரில் எழுதிய சுபாவத் தேர்வு அவருக்குக் கொடுத்த நாலு எழுத்து. ஊர் எது என்று கேட்டேன். முக்கூடல் என்றார். "ஊரில் உங்களை என்ன சொல்லுவாங்க?" சிரித்துக்கொண்டே, "அமுக்குணிம்பாங்க சார்" என்றார்.

எனக்கென்னவோ அந்த நாலு எழுத்தைவிட ஊர் சொன்னது கூடுதலாகச் சொல்கிறது என்று பட்டது. அமுக்குணி என்றால் வாய் திறக்க மாட்டான், ஆனால் தன் காரியத்தை முடித்துவிடுவான் என்று அர்த்தம். பேசாதவன் என்பது மட்டும் இல்லை, எப்படி வேலை பார்க்கிறவன் என்பதும் அதற்குள் இருக்கிறது.

இதைச் சும்மா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1936-இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஓட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக்காட்டும் சொற்களையெல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். கிட்டத்தட்ட 18,000 தேறியது. மனிதர்களுக்குள் முக்கியமான வித்தியாசம் ஏதாவது இருந்தால் அதற்கு ஜனங்கள் எப்போதோ ஒரு சொல்லை உண்டாக்கியிருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தால் என்ன கிடைக்கும்? அவசரக்குடுக்கை, உம்மணாமூஞ்சி, வாயாடி, தொட்டாற்சிணுங்கி, விட்டேத்தி, கூறுகெட்டவன், கறார் பேர்வழி. முக்கால்வாசி வசவாக இருக்கிறதே என்கிறீர்களா? கூடவே இருந்து அவதிப்பட்டவர்கள் வைத்த பெயர்கள், பின்னே எப்படி இருக்கும்.

அந்தச் சொற்குவியலைப் பின்னால் வந்தவர்கள் சலித்துச் சலித்து ஐந்து குணங்களுக்குக் கொண்டுவந்தார்கள். புதியதை ஏற்கும் மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், கலங்கும் சுபாவம். இந்த ஐந்தும் உண்டா இல்லையா என்று பார்ப்பதில்லை. யாருக்கு எவ்வளவு என்றுதான் பார்ப்பது. பாரிக், மவுண்ட் என்ற இருவர் 1991-இல் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எந்த வகை வேலையிலும் தொடர்ந்து கைகொடுத்த குணம் பொறுப்புதான். கலகலப்பு, விற்பனை வேலையிலும் மேலாளர் வேலையிலும் உதவியது. அமுக்குணித் தம்பிக்கு இதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரி, அந்த நாலு எழுத்து எங்கிருந்து வந்தது? கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921-இல் தனக்குள் ஒதுங்குகிற உள்முகம், மற்றவர்களோடு கலக்கிற வெளிமுகம் என்று மனித சுபாவத்தைப் பிரித்து எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாளும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியதுதான் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு. இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பெண்கள் கும்பல் கும்பலாகத் தொழிற்சாலைக்குப் போனார்கள். யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அது ஒவ்வொரு குணத்திலும் மனிதரை நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று இரண்டாக வெட்டுகிறது. ஐந்தரை அடிக்கு மேலே எல்லாரும் நெட்டை, கீழே எல்லாரும் குட்டை என்று வைத்தால் எப்படி? ஒரு விரற்கடை வித்தியாசத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் வேறு வேறு ஜாதி ஆகிவிடுவார்கள். பெரும்பாலான ஆட்கள் நடுக்கோட்டை ஒட்டித்தான் இருக்கிறோம். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது.

இன்னொரு சுபாவத் தேர்வு டிஸ்க். நாலு வகை, நாலு கலர். அதன் மூல யோசனையை 1928-இல் எழுதியவர் வில்லியம் மார்ஸ்டன். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பார்த்தவர், 1941-இல் வொண்டர் வுமன் என்ற படக்கதைப் பெண்ணைப் படைத்தவரும் அவரே. தேர்வுத்தாளாக ஆக்கியது வேறு ஆட்கள். விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஒரு சின்னச் சோதனை. நீங்கள் ஒருவர்தான் இங்கே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். 'உங்களிடம் இருக்கும் திறமையில் பாதி இன்னும் வெளியே வரவில்லை. வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு சஞ்சலம் உண்டு. சில நேரம் எல்லாரோடும் கலகலவென்று இருப்பீர்கள், சில நேரம் ஆளை விட்டால் போதும் என்று ஒதுங்கிவிடுவீர்கள்.' பின்வரிசையில் நாலைந்து தலை ஆடுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் இதைத்தான் செய்தார். மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். அவரவர் முடிவை அவரவர் கையில் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது, ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். 39 பேர். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள் என்று. அதில் பெரும்பகுதியை அவர் எடுத்தது கடைத்தெருவில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து. பாபநாசம் படித்துறையில் கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் பளபளப்பான தாளில் கலர் கலராக வரும் அறிக்கைக்கும் சில இடங்களில் தூரம் ரொம்பக் குறைவு. கிளிக்கு ஒரு நெல்மணி போதும், அதுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் இதெல்லாம் தூக்கிப் போடவேண்டியதா? இல்லை. என் கதையைச் சொன்னால் புரியும்.

நான் முதலில் பார்த்தது ஒரு நூற்பாலையில் பர்ச்சேஸ் சோலி. ஆலையின் பெயர் வேண்டாம். வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்து அலுவலர்கள் எல்லாருக்கும் சுபாவத் தேர்வு வைத்தார்கள். எனக்கு 11 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். முதல் பக்கத்திலேயே 'முடிவெடுப்பதில் வேகம் உள்ளவர்' என்று இருந்தது. அதற்கப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியாது.

கொஞ்ச நாளில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் இயந்திர வரிசை ஒன்றை 40-ஆம் நம்பர் நூலிலிருந்து 60-க்கு மாற்றினார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. மெலிசு நூலுக்கு டிராவலரும் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். டிராவலர் என்பது நகத்தளவுகூட இராத, வாய் திறந்த வளையம். ரிங்கின் மேல் சுற்றி ஓடி நூலுக்கு முறுக்கேற்றுவது. நான் ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேட்கவில்லை. பழைய நம்பர் டிராவலரையே போனில் சொல்லி வரவழைத்துவிட்டேன். ஸ்டோரில் இருந்த அண்ணாச்சி ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, சன்னல் வெளிச்சத்தில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதப் போட்டா நூலு நிக்காதே வே, அத்து அத்துல்லா விழும். மாஸ்டர்ட்ட கேட்டீரா?"

"எனக்கு முடிவெடுக்கிறதுல வேகம் அண்ணாச்சி. ரிப்போர்ட்லயே போட்டிருக்கு."

"அந்த ரிப்போர்ட்ட ஒருநாள் கொண்டாரும், பாப்போம்."

பெட்டிகள் திரும்பிப் போயின. லாரி வாடகை யார் தலையில் விழுந்தது என்பதை விடுங்கள். அன்றைக்கு ராத்திரி எனக்கு உறைத்தது வேறு. அந்த 11 பக்கத்தையும் எழுதியது யார்? நான்தான். 'நீங்கள் சட்டென்று முடிவெடுப்பவரா' என்று கேட்டால் யார்தான் இல்லை என்று டிக் அடிப்பார்கள்? நான் எப்படி இருக்க ஆசைப்பட்டேனோ அப்படிப் பதில் போட்டேன். அவர்கள் அதைக் கூட்டிக் கழித்து, அட்டை போட்டு, என்னிடமே திருப்பித் தந்தார்கள். அண்ணாச்சி கையில் டிராவலரைக் கொட்டிப் பார்த்த மாதிரி யாரும் என்னைக் கொட்டிப் பார்க்கவில்லை.

ஜோசஃப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இருவர் 1955-இல் ஒரு நாலு கட்டச் சன்னல் வரைந்தார்கள். ஜோஹாரி சன்னல் என்று பெயர். வடக்கத்தி சேட்டு யாரோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஜோ, ஹாரி, அவ்வளவுதான். அதில் ஒரு கட்டம், மற்றவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் மட்டும் உட்கார்ந்து எழுதுகிற எந்தத் தேர்வும் அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாது. அதற்கு ஸ்டோர் அண்ணாச்சி மாதிரி ஓர் ஆள் வேண்டும்.

கேள்வித்தாளிலும் வில்லங்கம் உண்டு. வீரவநல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கணக்குப் பிரிவில் வேலை. 'பார்ட்டியில் நான்தான் கலகலப்பானவள்' என்கிற மாதிரி ஒரு வாசகம் இத்தகைய தேர்வுகளில் அடிக்கடி வரும். "எங்க வீட்ல பார்ட்டிக்கெல்லாம் விடமாட்டாங்களே சார்" என்று அவள் இல்லை பக்கம் டிக் அடித்திருக்கிறாள். இப்படி நாலைந்து கேள்வி. முடிவு, கடைந்தெடுத்த உள்முகம். அவளுடைய டீம் லீடர் அதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரோடு பேசுகிற வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார், நல்லது செய்வதாக நினைத்து. அந்தப் பெண் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் என்ன செய்வாள் தெரியுமா? நாற்பது வீட்டு முளைப்பாரியை ஒழுங்குபடுத்துகிறவள் அவள்தான். கும்மிக்குக் குரல் கொடுத்து ஆரம்பிப்பதும் அவள்தான். கேள்வியில் பார்ட்டி என்பதற்குப் பதில் கொடை என்று இருந்திருந்தால் எழுத்தே மாறியிருக்கும்.

டீம் லீடராக இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை விற்கிற நிறுவனமே, ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. செவ்வாய் தோஷம் பார்க்கிற மாதிரி இதை வைத்து வேலைப் பொருத்தம் பார்க்காதீர்கள்.

திருநெல்வேலியில் மைக்கைப் பிடித்துவிட்டுத் தேரைச் சொல்லாமல் இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள். ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடும்போது எல்லாரும் வடத்தைத்தான் பார்ப்போம். பின்னால் சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தை ஒட்டியே நடந்து, கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிறவர் இருக்கிறார். அவர் சத்தம் போடமாட்டார், கூட்டத்தைப் பார்க்கமாட்டார். கண் சக்கரத்திலேயே இருக்கும். அவரைப் போய் 'நீங்க ஏன் முன்னால வந்து கோஷம் போடல, டீம் ஸ்பிரிட் இல்லையா' என்று அப்ரைசலில் கேட்டால்? ரத வீதி முக்கில் தேர் கடைக்குள் போய்விடும். நம் அலுவலகங்களில் இந்தக் கேள்வி வருஷா வருஷம் கேட்கப்படுகிறது.

ஆகவே அறிக்கை கிடைத்தால் என்ன செய்யலாம்? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக இது எப்போது நடந்தது என்று எழுதிப் பாருங்கள். 'திட்டமிட்டு வேலை செய்பவர்' என்று இருந்தால், போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்? நினைவுக்கு எதுவும் வரவில்லையென்றால் அந்த வரி கிளிச் சீட்டு. நினைவுக்கு வந்தால், அது எந்த மாதிரி வேலையில் வந்தது, யார் கூட இருந்தபோது வந்தது என்று பாருங்கள். நான் வேகமாக முடிவெடுக்கிறவன்தான், அது பொய்யில்லை. எனக்குத் தெரிந்த சரக்கில் அது வேகம், தெரியாத சரக்கில் அவசரக்குடுக்கை. அந்தப் பிரிவினை 11 பக்கத்தில் எங்கேயும் இல்லை. அப்புறம் அதை உங்களோடு தினமும் வேலை பார்க்கிற ஒருவரிடம் கொடுங்கள். மேலதிகாரியிடம் வேண்டாம், சம்பளம் கண்ணில் நிற்கும்.

நான் கொடுத்தது ஸ்டோர் அண்ணாச்சியிடம். இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில். இங்கிலீஷை யாரிடமோ கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறார். 'முடிவெடுப்பதில் வேகம்' பக்கத்தில், 'சரி. டிராவலர் 6 பெட்டி.' 'நேரம் தவறாதவர்' பக்கத்தில், 'சரி. சாயங்காலம் மட்டும்.' 'புதியவர்களோடு எளிதில் பழகுவார்' என்பதற்கு ஒரு டிக், கேள்வியே இல்லாமல். அதைப் பார்த்துத்தான் பின்னாளில் பர்ச்சேஸை விட்டுப் பயிற்சி வேலைக்கு வந்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில், 'பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர்' என்று ஒரு வரி. அதற்கு நேரே, சரக்குக் கேட்கும் ஸ்டோர் இண்டெண்ட் சீட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், 'வீட்டில் கேட்கவும்.'

கேட்டேன். வந்த பதிலை மேடையில் சொல்வதற்கில்லை. வீட்டுக்காரி மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள்.