ஸேட் என்றால் சோகமா?

நேயர்களுக்கு வணக்கம். போன வருஷம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில் ஓர் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தேன். கரி போடுகிற பெட்டி இல்லை. முழுக்க இரும்பு, அடுப்பில் வைத்துச் சூடாக்குவது. வார்ப்பிலேயே ஆங்கிலத்தில் ‘ஸேட் அயர்ன்’ (sad iron) என்று எழுத்து. ஸேட் என்றால் சோகம் என்றுதானே நமக்குத் தெரியும். “சோகப் பெட்டி சார், யாரும் சீண்ட மாட்டேங்கிறாங்க” என்றார் கடைக்காரர். நான் வாங்கினேன். வீட்டில் வசவும் வாங்கினேன், அது தனிக்கதை.

அது சோகப் பெட்டி இல்லை. அந்த ‘ஸேட்’டுக்குக் கெட்டி, கனம் என்று பொருள். இன்னும் பின்னால் போனால், பழைய ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? வயிறு நிறைந்தது! ஆமாம், வயிறு நிறைந்தது. ஜெர்மன்காரர் இன்றும் சாப்பிட்டு முடித்து ‘ஸாட்’ என்றுதான் சொல்கிறார். லத்தீனில் ‘ஸாடிஸ்’ என்றால் ‘போதும்’ என்று பொருள்; திருப்தி என்கிற சாட்டிஸ்ஃபேக்‌ஷன் அதன் வழி வந்தது. ஆக, ஸேடும் சாட்டிஸ்ஃபேக்‌ஷனும் ஒரே கோயில் பங்காளிகள், அதாவது ஒரே வேர்க்காரர்கள்.

நிறைந்த வயிறு எப்படித் துக்கமாயிற்று? நம் கல்யாண வீட்டுக் காலைப் பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கந்தரப்பம் அமிர்தம். இரண்டாவதும் சரி. அதற்குள் வெள்ளைப் பணியாரம் வந்துவிடும். போதும் என்று இலையை மறைத்தால், “வளர்ற புள்ள, சாப்பிடு ராசா” என்று என் ஆயா கைவிரல் இடுக்கு வழியாகவே ஒன்றைப் போட்டுவிடுவார். ஐந்தாவது திகட்டும். எழுந்து வந்து முகப்புத் தூணில் சாய்ந்தால் உடம்பு கனக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். அந்தச் சொல் நடந்த பாதையும் இதுதான்: நிறைவு, திகட்டல், சலிப்பு, கனம். கனம் ஒரு பக்கம் உறுதியும் ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர், எதற்கும் அசையாத ஒரு பெண்ணைச் சுவர் போல ‘ஸேட்’ என்று பாராட்டுகிறார். மறுபக்கம் அது துயரமாயிற்று. நாமும் ‘மனசு கனக்குது’ என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம் ‘சாரி’ பற்றிப் பாதி நேரம் பேச நினைத்திருந்தேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிஷம்தான் என்று விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: ‘சாரி’ வந்தது வலியைக் குறிக்கும் ‘சோர்’ என்ற சொல்லிலிருந்து. துக்கம் என்கிற ‘சாரோ’வுக்கு வேர் வேறு. சத்தம் ஒத்துப்போனதால் ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இவர்கள் பங்காளிகள் இல்லை, சம்பந்தமே பண்ணிக்கொள்ளலாம். வணக்கம்.