ஒரு முழத்துக்கும் குறைவான களிமண்: சரிவு நிலத்தில் முதலில் எதை அளக்க வேண்டும்?

[காட்சி: வெடித்துக் கிடக்கும் மலைச்சரிவு. ஒரு கை மண்ணை நனைத்துப் பிசைகிறது.]

இந்த மண்ணைக் கையில் எடுத்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தள்ளினால் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நாடாவாக நீளும். நல்ல களி. களி தண்ணீரைப் பிடித்து வைக்கும், மழை தள்ளிப் போனாலும் பயிர் தாங்கும் என்று தோன்றும். ஆனால் இங்கே விதைத்த பயிர் பத்து நாள் வெயிலுக்கே துவண்டுவிடுகிறது. காரணம் கீழே இருக்கிறது: 30 சென்டிமீட்டரில் பாறை.

[காட்சி: மண்ணின் குறுக்குவெட்டுப் படம். நீர்மட்டம் இறங்குகிறது.]

கணக்கைப் பார்ப்போம். நல்ல மழை பெய்து, மிச்ச நீர் வடிந்தபின், களிமண்ணின் கன அளவில் சுமார் 40 சதவீதம் தண்ணீர் நிற்கும். அந்த 40-இல் ஏறக்குறைய 25-ஐக் களித்துகள்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேரால் அதை இழுக்க முடியாது. பயிருக்குக் கிடைப்பது மீதி 15 சதவீதம்தான். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 45 மில்லிமீட்டர். வறண்ட வெப்பப் பகுதியில் வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும். ஒன்பது நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். பாதி தீர்ந்ததுமே பயிர் திணற ஆரம்பித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே களி ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் 150 மில்லிமீட்டர், அதாவது ஒரு மாதம். களியின் வகையைப் பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டர் மண்ணும் ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், மற்ற முடிவுகள் எளிதாகும்.

[காட்சி: கடப்பாறை மண்ணில் இறங்குகிறது.]

அதனால் முதலில் ஆழத்தை அளக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது அளந்து பாருங்கள். காய்ந்த களியில் கடப்பாறை எங்கே நின்றாலும் பாறை போலத்தான் தெரியும். சரிவின் மேல், நடு, கீழ் என மூன்று வரிசையில், 20 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு இடத்தில் கடப்பாறை நின்றால், ஒரு அடி தள்ளி இன்னொரு முறை இறக்குங்கள். தனிக்கல்லைப் பாறை என்று எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குழியாவது தோண்டிப் பாருங்கள். அடியில் இருப்பது ஒரே பலகைப் பாறையா, அல்லது மண்வெட்டியால் கொத்தினால் உதிரும் மக்கிய பாறையா? மக்கிய பாறையின் இடுக்குகளில் வேர் நுழையும், நீரும் கொஞ்சம் இறங்கும். பலகைப் பாறை என்றால் இரண்டுமே நடக்காது.

[காட்சி: கனமழை. வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன.]

இனி மழை எங்கே போகிறது என்று பார்ப்போம். முதல் மழையை வெடிப்புகள் விழுங்கிவிடும். களி ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதன்பின் மண்ணுக்குள் மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். இந்தப் பகுதிகளின் மழையோ மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டக்கூடியது. மெதுவான மழை பெய்தாலும் பிரச்சினை தீராது. மண் ஆழமில்லாததால் சீக்கிரம் விளிம்புவரை நிரம்பிவிடும், அதற்குமேல் பெய்வது சரிவில் ஓடத்தான் செய்யும். ஒரே வாரத்தில் வேர் மூழ்கி மஞ்சளிப்பதும், அடுத்த வாரம் வாடுவதும் இதனால்தான்.

[காட்சி: உடைந்த மண் வரப்பு.]

இந்த நிலத்தில் மண் வரப்பு போடுவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. நீரை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் சரி. ஆனால் அரை சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள வரப்புக்கு, இரண்டு மீட்டர் அகலப் பட்டையிலிருந்து மண் எடுத்தால் 25 சென்டிமீட்டர் போய்விடும். அந்தப் பட்டையில் பாறைமேல் மிஞ்சுவது 5 சென்டிமீட்டர் மண்தான். கோடையில் வரப்பும் வெடிக்கும். முதல் பெருமழையில் தேங்கிய நீர் அந்த வெடிப்பு வழியே துளைத்து, ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு கீழே பாயும்.

படிக்கட்டு மேடையும் வேண்டாம். 10 சதவீதச் சரிவில் 4 மீட்டர் அகல மேடை அமைத்தால், மேடையின் உட்பக்கத்தில் 20 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். 30 சென்டிமீட்டர் மண்ணில் மிச்சம் 10.

[காட்சி: கல் வரப்பு கட்டும் வேலை.]

இங்கே பொருந்துவது கல் வரப்பு. கல் அந்த நிலத்திலேயே கிடைக்கும், நீரைத் தேக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும், வண்டலைப் பிடிக்கும். முதலில் சரிவை அளந்து பாருங்கள். 2 மீட்டர் பலகையை மட்டமாகப் பிடித்தால் கீழ்முனைக்கும் தரைக்கும் 12 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரிவு 6 சதவீதம். அந்தச் சரிவில் வரப்புக்கு வரப்பு சுமார் 20 மீட்டர் வைக்கலாம். 10 சதவீதத்தில் 16. மண் மிக மெலிவாக இருந்தால் இன்னும் நெருக்குங்கள்.

சம உயரக் கோடு போட ஏ வடிவச் சட்டமும் தூக்குக்குண்டும் போதும். சட்டத்தை நிறுத்தி, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கால்களை அதே இடத்தில் இடம் மாற்றி நிறுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இதைச் செய்யாமல் விட்டால் கோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து, நீர் அந்த ஓரத்தில் குவிந்து ஓடை வெட்டிவிடும்.

கோட்டில் 10 சென்டிமீட்டர் பள்ளம் பறித்து, பெரிய கல்லைக் கீழ்ச்சரிவுப் பக்கம் பதியுங்கள். மேல்பக்கம் சிறு கற்களை அடுக்கி இடுக்கை அடையுங்கள். அகலம் 40, உயரம் 30 சென்டிமீட்டர் போதும். பள்ளம் பறிக்காமல் தரைமேல் அடுக்கினால் நீர் அடியில் அரித்துக் கற்களை உருட்டிவிடும். கல் போதாத இடத்தில் வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடலாம். இடையில் ஒரு நாற்று பட்டுப்போனாலும் அந்தச் சந்து வழியாகத்தான் நீர் பாயும், உடனே நிரப்புங்கள்.

[காட்சி: கண்ணாடி டம்ளரில் மண்கட்டி.]

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். காய்ந்த மண்கட்டியை மழைநீரில் அசைக்காமல் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து, நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. தொழு உரமும், மண்ணை மூடும் இலைதழை மூடாக்கும் போட்டுவந்தால் இப்படி உதிரும் குணம் மெல்லத் திருந்தும். கட்டியைச் சுற்றி நீர் பால் போலக் கலங்கினால் மண்ணில் சோடியம் அதிகம் என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே நீரைத் தேக்கினால் மண்ணுக்கு அடியில் குழாய் போலத் துளை விழும். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு ஜிப்சம் இட்ட பிறகே மற்ற வேலை.

உழவு சம உயரக் கோட்டில், பதம் பார்த்துத்தான். மண்ணை 3 மில்லிமீட்டர் திரியாக உருட்டுங்கள். திரி நின்றால் ஈரம் அதிகம். அப்போது உழுதால் அடியில் மண் வழுவழுப்பாக இறுகிவிடும். உருட்டும்போதே உதிர்ந்தால் பதம்.

பயிரை ஆழம்தான் தீர்மானிக்க வேண்டும். 25 முதல் 50 சென்டிமீட்டரில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, குறுகிய காலக் கம்பு, கொள்ளு போன்றவை. மழை நின்றபின்னும் மாதக்கணக்கில் மண்ணீரை நம்பி நிற்கும் பயிரை இங்கே விதைக்காதீர்கள். ஆழம் 25 சென்டிமீட்டருக்கும் குறைவு என்றால் ஏரே பூட்ட வேண்டாம்; புல்லுக்கு விட்டுவிடுங்கள். மக்கிய பாறை இருக்கும் இடங்களில் இலந்தை, சீத்தா போன்ற மரங்களை நடலாம்.

[காட்சி: மழைக்குப் பின் கல் வரப்பு.]

முதல் பெருமழை நின்றதும் வரப்பு நெடுக நடந்து பாருங்கள். நீர் மேலே வழிந்த தடம் தெரிந்தால் அந்த இடம் தாழ்வு. அங்கே ஒரு அடுக்குக் கல் ஏற்றுங்கள். வண்டல் வரப்பின் உச்சியை நெருங்கும் ஆண்டில் முழு நீளத்துக்கும் இன்னொரு வரிசை சேருங்கள்.