கோவலனைக் கொன்றது யார்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, சட்டமன்ற உறுப்பினர் சார்பில் வந்து வாழ்த்திய அன்பரே, பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கதையில் தவறு செய்கிறவன் வேறு, தீயவன் வேறு. கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும். அவனுக்கு என்ன தெரியும்? திரும்பிவர வாய்ப்பு வந்தபோது என்ன செய்தான்? தீமை அவனுக்கு இனிக்கிறதா? 'கெடுவான் கேடு நினைப்பான்' என்றார்கள். செய்வான் என்று சொல்லவில்லை, நினைப்பான் என்றார்கள்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைக்கு வாருங்கள். ஒற்றைச் சிலம்போடு கோவலன் மதுரை வீதியில் வருகிறான். நூறு பொற்கொல்லர் பின்தொடர எதிரே வருகிறான் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான்! 'இதற்கு விலை மதிப்பாயா?' என்று கோவலன் அவனிடமே கேட்கிறான். பழிபோட ஆள் கிடைத்துவிட்டது. தன் குடிலுக்குப் பக்கத்தில் கோவலனை இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போய், சிலம்பு திருடிய கள்வன் சிக்கினான் என்கிறான். பாண்டியனோ ஊடிப்போன தேவியைத் தேடிப் போகிற அவசரத்தில் இருக்கிறான். விசாரணை இல்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான்.

இப்போதும் கோவலன் பிழைத்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்த காவலர், இவன் கொலைப்படத் தக்கவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு 8 துணை உண்டென்று அவர்களுக்குப் பாடமே நடத்துகிறான்! கடைசியில் குடிவெறியில் ஒருவன் வாளை வீசுகிறான்.

பாண்டியனின் குற்றம் சின்னதல்ல, ஓர் உயிர் போயிற்று. ஆனால் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் 'யானே கள்வன்' என்று சாய்ந்து உயிரை விட்டான். பொற்கொல்லனுக்கோ உண்மை முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டே, தயங்கிய கைகளை வெட்டத் தூண்டினான். கெடுவான் கேடு நினைப்பான்! அந்தக் கேடு அவனுடையது, அவன் தொழிலுடையது அல்ல.

ரப்பர்த் தோட்டக் கதை எழுதும் நம் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், என்றாலே கெட்டவன் என்று எழுதிவிடுகிறார்கள். தோட்ட நிர்வாகியான துரைக்குப் பயந்து ரப்பர்ப் பால் எடையைக் குறைத்து எழுதுகிற கிராணி பலவீனன். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை ஒரு தொழிலாளிப் பெண் திருடினாள் என்று தானே பொய்யெழுதிவிட்டு, அவள் பெரட்டில், காலையில் பெயர் கூப்பிடும் வரிசையில், நின்று அழும்போது பேனாவை மூடாமல் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறவன் தீயவன். மீசையும் உரத்த சிரிப்பும் கொடுத்தால் கோமாளி ஆகிவிடுவான். தயங்கும் காவலர் மாதிரி ஒருவரை அவன் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லட்டும், அது அவன் காதில் விழட்டும்.

மூன்றாவது கேள்வியை விரிக்க நேரமில்லை. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்று தமிழையே விட்டுவிட்டால் இந்தக் காதையை எப்படிப் படிக்கும்? 1996 கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்துதர வேண்டும். பதினான்கு கையெழுத்தோடு நின்றுவிடாதீர்கள். படிவம் 4, 5 வகுப்புப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் தேர்வில் தமிழோடு தமிழ் இலக்கியமும் எடுக்கட்டும்.

மனுத்தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், படிவம், பள்ளி, உங்கள் கையெழுத்து, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.